மேலேயா, கீழேயா: ஊர் ஊராகப் போகும் ஹொக்கி ஆட்டக்காரரின் கணக்கை வாசிப்பது எப்படி

சிட்னி குரொஸ்பி, ஓஸ்டன் மத்தியூஸ் போன்ற ஐஸ் ஹொக்கி நட்சத்திரங்களைப் பின்தொடர எவருக்கும் வழிகாட்டி தேவையில்லை. டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை வரிசையில் முன்னால் நிற்பவரைக் கேட்டாலே நேற்று எத்தனை கோல் என்று சொல்லிவிடுவார். இது மற்ற ஆட்களைப் பற்றியது. வருடத்துக்கு ஒரு ஊர், சில வருடம் மூன்று ஊர். பெயர் போட்ட சட்டை கடையில் தொங்காது. ஆனாலும் பதினைந்து, பதினாறு வருடம் ஐஸ் ஹொக்கியை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தியிருப்பார்கள். ஜேர்னிமன் என்று இங்கே சொல்வார்கள்.

நான் ட்ரக் ஓட்டுகிறவன். வீடு ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், கிழமையில் பாதி அமெரிக்க நெடுஞ்சாலையில். அமெரிக்கச் சட்டப்படி பதினொரு மணித்தியாலம் ஓட்டினால் பத்து மணித்தியாலம் நிறுத்தியே ஆகவேண்டும். அந்த ஓய்வு சிரக்கியூஸிலோ, ஹெர்ஷியிலோ, கலமசூவிலோ விழுந்தால் எனக்குப் பொழுதுபோக்கு மைனர் லீக், அதாவது கீழ்நிலை லீக், ஹொக்கிதான். ரொறொன்ரோவின் பெரிய அணியான லீஃப்ஸின் ஆட்டத்துக்கு ஒரு நல்ல இருக்கை வாங்குகிற காசில் அங்கே குடும்பத்தோடு போய் இரவுச் சாப்பாட்டையும் முடித்துவிடலாம்.

அக்காவின் மகனை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். பாதி ஆட்டத்தில், "மாமா, நீங்கள் பாக்கிற ஆள் ஒரு கோலும் அடிக்கிறேல்லயே, ஏன் அவரையே பாக்கிறீங்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இந்த வகை ஆட்டக்காரரைக் கோல் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அவரை அந்த ஊருக்குக் கொண்டுவந்தது யாருடைய காயம், எந்த விதி, யாருடைய காசு என்று பார்க்க வேண்டும். அவனுக்கு வண்டியில் வரும்போது சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

முதலில் ஆட்டம் முடித்து வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரில் பழகுங்கள். முழுக்கணக்கும் கண்முன்னே இருக்கும். அணி எண்ணிக்கையில் சாதனை மைக் சிலிஞ்சருடையது: ரெஜைனாவில் பிறந்தவர், 12 என்.எச்.எல் (வட அமெரிக்காவின் உச்ச லீக்) அணிகள், 9 தடவை ட்ரேட் (ஒரு அணி இன்னொரு அணிக்கு ஆளைக் கைமாற்றுவது), 1,049 ஆட்டம், 240 கோல். ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு அவர் சரிவரமாட்டார். பெரும்பாலும் மேல் லீக்கிலேயே இருந்தவர் என்பதால் ஏறி இறங்குகிற கதை அவரிடம் குறைவு. நான் சொல்லுகிற ஆள் மைக்கல் லேட்டன், கோல்காப்பாளர்.

அவரைப் பிடித்ததற்கு என்னிடம் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. 402 நெடுஞ்சாலையில் சார்னியா பாலத்தை நோக்கிப் போகும்போது பெட்ரோலியாவுக்குத் திரும்பச் சொல்லி ஒரு பலகை வரும். கனடாவில் எண்ணெய் தோண்டிய பழைய ஊர்களில் ஒன்று. லேட்டன் அந்த ஊர்க்காரர். நீங்களும் இப்படி உங்கள் வழியில் இருக்கிற ஊரை வைத்தே ஆளைத் தேடலாம். அதனால் ஒரு குறையும் வராது.

கோல்காப்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு மட்டும் காரணம் உண்டு. வலை ஒன்றுதான். அணியில் அந்த வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் நிற்கும்போது மற்றவர் வாங்கில் இருக்கிறார். யார் ஏறினார், யார் இறங்கினார் என்பது உடனே தெரியும். நான்காவது வரிசை முன்களக்காரரில் இதைப் பார்க்க நாலைந்து வருடப் பழக்கம் வேண்டும்.

ஏணி

மேலே என்.எச்.எல், 32 அணிகள். அதற்குக் கீழே 1936-இல் தொடங்கிய ஏ.எச்.எல், அதிலும் 32. ஒவ்வொரு மேல் அணிக்கும் ஒரு கீழ் அணி: லீஃப்ஸுக்கு மார்லீஸ், சேபர்ஸுக்கு ரொச்செஸ்டர், கப்பிட்டல்ஸுக்கு ஹெர்ஷி. அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். 1988-இல் கிழக்குக் கரை லீக் என்று தொடங்கி, பிறகு மேற்குவரை விரிந்ததால் இப்போது வெறும் எழுத்துகளாக நிற்கிறது. டொலீடோ, கலமசூ, ஃபோர்ட் வேன், வீலிங் எல்லாம் இதில். இதற்குக் கீழும் தெற்கு மாநிலங்களில் லீக்குகள் இருக்கின்றன. அங்கிருந்து உச்சிக்கு ஏறுவது மிக அபூர்வம்.

மைனர் லீக் என்றால் "தகுதி இல்லாதவர்கள்" என்று நினைக்கிறவர்களுக்கு ஜொனி பௌவரைச் சொல்லுவேன். லீஃப்ஸ் அரங்குக்கு வெளியே சிலையாக நிற்கிறாரே, அவர்தான். 1958-இல் லீஃப்ஸுக்கு வரும்போது அவருக்கு வயது 33. அதற்கு முன் ஒரு பருவம் நியூயோர்க் ரேஞ்சர்ஸில் முழுநேரமாக நின்றதைத் தவிர, பத்து வருடத்துக்கு மேல் கிளீவ்லண்ட், புரொவிடன்ஸ் என்று கீழேதான். அன்றைக்கு என்.எச்.எல்-இல் இருந்தது ஆறே அணிகள், ஆகவே முதல் கோல்காப்பாளர் வேலை உலகத்திலேயே ஆறுதான். வந்த பிறகு நான்கு ஸ்டான்லி கிண்ணம், அதாவது என்.எச்.எல் வெற்றிக்கிண்ணம், எடுத்தார். இடம் காலியில்லாததும் திறமை இல்லாததும் வேறு வேறு.

அட்டவணையை வாசிப்பது

எந்த ஆட்டக்காரருக்கும் ஒரு அட்டவணை இருக்கும்: பருவம், அணி, லீக், ஆட்டங்கள், மற்றவை. கடைசி நிரல்களைக் கையால் மறைத்துவிடுங்கள். முதல் நான்கும் போதும்.

ஒரு வருடத்துக்கு ஒரு வரி என்றால் அந்த வருடம் அமைதி. ஒரே வருடத்தில் இரண்டு வரி, இரண்டு லீக், ஆனால் ஒரே அமைப்பின் மேல், கீழ் அணிகள் என்றால் மேலே கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது மேல் வரியில் எத்தனை ஆட்டம் என்று பாருங்கள். 1 என்று இருந்தால் யாரோ ஒருவருக்குக் காய்ச்சல். 10, 15 என்றால் யாரோ ஒருவருக்கு முழங்கால். ஒரே வருடத்தில் இரண்டு வெவ்வேறு அமைப்புகள் என்றால் ட்ரேட், அல்லது நான் கீழே சொல்லப்போகிற வெய்வர்ஸ்.

அட்டவணையில் இல்லாததையும் பார்க்கத் தெரிய வேண்டும். லேட்டனின் 2006-07 பருவம் இதற்கு நல்ல பாடம். நாஷ்வில் என்று ஒரு வரி, ஒரு ஆட்டம். பிலடெல்பியா என்று ஒரு வரி, நான்கு ஆட்டம். மொன்றியல் என்று வரியே இல்லை. ஆனால் அந்தப் பருவத்தின் கடைசிப் பகுதியில் அவர் மொன்றியல்காரர். சட்டை போட்டார், வாங்கில் இருந்தார், வலைக்குள் போகவில்லை. ஆடாதவருக்கு அட்டவணை வரி கொடுக்காது. வாடகைக்கு வீடு பிடித்ததும் பெட்டி கட்டியதும் அதில் வராது.

வெய்வர்ஸ்

இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மேல் அணி ஒன்று தன் ஆளைக் கீழே அனுப்ப நினைத்தால் நினைத்தவுடன் அனுப்ப முடியாது. புதிய பெடியளுக்குச் சில வருடம் விலக்கு உண்டு. மற்றவர்கள் எல்லோரையும் முதலில் 24 மணித்தியாலம் மற்ற அணிகளின் முன்னால் வைக்க வேண்டும்: "வேண்டுமென்றால் எடுங்கள், ஒப்பந்தமும் சேர்ந்து உங்களுடையது." ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கை தூக்கினால் புள்ளியில் பின்னால் நிற்கும் அணிக்கே ஆள். ஒருவரும் தூக்காவிட்டால் கீழே போகிறார். மூளை உள்ள நிர்வாகிகள் ஒக்ரோபர் தொடக்கத்தில், எல்லா அணியும் தங்கள் பட்டியலை நிரப்பிவிட்ட நேரத்தில், இப்படிச் சத்தமில்லாமல் ஆட்களை இறக்கிவிடுவார்கள்.

இப்போது 2006-07-க்குத் திரும்பிப் போங்கள். லேட்டன் அனாஹைமுடன் ஒப்பந்தம் செய்து, அவர்களுடைய கீழ் அணியான போர்ட்லண்டில் இருந்தார். நவம்பரில் நாஷ்வில்லின் முதல் கோல்காப்பாளர் தொமாஸ் வொகூனுக்குப் பெருவிரல் காயம். நாஷ்வில் லேட்டனை வெய்வர்ஸில் எடுத்தது. வொகூன் திரும்பி வருகிற நேரம் இவரைத் திரும்ப வெளியே வைத்தார்கள், பிலடெல்பியா எடுத்தது. பெப்ரவரியில் மொன்றியலின் கிறிஸ்டோபல் ஹுவே விழுந்தார், மொன்றியல் எடுத்தது. ஒரு குளிர்காலம், நான்கு அமைப்பு. ஒரு இடத்திலும் அவரைத் துரத்தவில்லை, ஒரு இடத்திலும் அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை.

ஆகவே லேட்டனின் அட்டவணையில் எந்த வரியைப் பார்த்தாலும் பக்கத்தில் பென்சிலால் இன்னொருவரின் பெயரை எழுதலாம். நான் அப்படித்தான் எழுதுகிறேன், லொக்புக்கின் பின்பக்கத்தில். 2009 டிசம்பர்: கரொலைனா லேட்டனை வெய்வர்ஸில் வைக்கிறது. பிலடெல்பியாவில் ரே எமரிக்கு அறுவைச் சிகிச்சை. பிலடெல்பியா லேட்டனை இரண்டாம் முறை எடுக்கிறது. மார்ச்சில் லேட்டனுக்கே கணுக்காலில் காயம், இப்போது பிரையன் பூஷேக்கு இடம். மே மாதம் பொஸ்டனுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் பூஷே முழங்காலில் அடிபட்டு எழும்ப முடியாமல் போகிறார், லேட்டன் உள்ளே. 0-3 என்று பின்னால் நின்ற அந்தத் தொடரை பிலடெல்பியா 4-3 என்று வென்றது. அடுத்தது மொன்றியல். ஒருகாலத்தில் அவரை ஒரு ஆட்டம்கூட நிறுத்தாத அதே மொன்றியல். ஐந்து ஆட்டத் தொடரில் லேட்டன் மூன்று ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்) கொடுத்தார். இதைப் பழிவாங்கல் என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் வேலைக்குப் போனார், அவ்வளவே.

இறுதித் தொடர் சிக்காகோவுடன், 1999-இல் டிராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும் நாள்) ஆறாவது சுற்றில் 165-ஆவது ஆளாக அவரைத் தெரிவுசெய்த அதே அணி. ஜூன் 9, ஆறாவது ஆட்டம், மேலதிக நேரம். சிக்காகோவின் பற்றிக் கேன் மிகக் கூர்மையான கோணத்தில் இருந்து அடித்த பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) லேட்டனுக்கு அடியால் போய் வலையின் கீழ்த்துணியில் சொருகிக்கொண்டது. கேன் கையுறைகளை எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுகிறார், அரங்கில் மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. அதோடு கிண்ணம் சிக்காகோவுக்கு. இன்றைக்கும் லேட்டன் என்றால் பலருக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு பக்தான். டிசம்பரில் எந்த அணிக்கும் வேண்டுமென்றால் கிடைக்கக்கூடிய ஒருவர் ஜூனில் அங்கே நின்றார் என்பதை நான் முதலில் சொல்லுவேன்.

காசு

நம்மட ஆட்களோடு இதைக் கதைத்தால் முதல் கேள்வி, "எவ்வளவு எடுப்பினம்?" வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி, ஏனென்றால் மேலே, கீழே என்பதன் உண்மையான அர்த்தம் இதில்தான் இருக்கிறது.

2025-26 பருவத்தில் என்.எச்.எல்-இன் ஆகக்குறைந்த சம்பளம் 775,000 அமெரிக்க டொலர். ஏ.எச்.எல்-இல் அடிமட்டம் ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான். ஈ.சி.எச்.எல்-இல் கிழமைச் சம்பளம், நூறுகளில். அதோடு பருவம் முழுக்க இருக்க வீடு அணி கொடுக்கும்.

மேல் அணியோடு போடுகிற ஒப்பந்தம் இரண்டு வகை. வன்-வே என்றால் எங்கே ஆடினாலும் ஒரே சம்பளம். டூ-வே என்றால் மேலே நிற்கிற நாளுக்கு ஒரு விலை, கீழே நிற்கிற நாளுக்கு வேறு விலை. ட்ரக்காருக்கு இது புதிதில்லை: சாமான் ஏற்றி ஓடுகிற மைலுக்கு ஒரு காசு, வெறும் ட்ரெய்லர் இழுத்துத் திரும்புகிற மைலுக்கு வேறு காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பருவம் ஏறத்தாழ 190 நாள். மேலே 775,000 என்றால் நாளுக்கு 4,000 டொலருக்கு மேல். கீழே ஒரு லட்சம் என்று பேசியிருந்தால் நாளுக்கு 500 சொச்சம். மேலே கூப்பிட்டு, வாங்கில் வைத்து, ஒரு நிமிடமும் விடாமல் ஐந்து நாளில் திருப்பி அனுப்பினாலும் அவருக்கு அது கீழே ஒரு மாதத்துக்கும் மேலான சம்பளம். இது தெரிந்த பிறகு, விமான நிலையத்தில் புன்னகையோடு நிற்கிற மூன்றாவது கோல்காப்பாளரின் படத்தைப் பார்த்துப் பரிதாபப்பட மாட்டீர்கள்.

அணிகளும் இதே கணக்கைப் போடுகின்றன. 2024-25 பருவம் வரை, வெய்வர்ஸ் விலக்குள்ள பெடியனை ஆட்டமில்லாத நாளில் கடதாசியில் மட்டும் கீழே இறக்கி, மறுநாள் திரும்ப ஏற்றினார்கள். பெடியன் ஹோட்டல் அறையை விட்டு அசைந்திருக்கவே மாட்டான். ட்ரேட் முடிவுநாளிலும் இதே கூத்து நடந்தது, ஏனென்றால் அன்றைக்குக் கீழ் அணிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கீழ் லீக் பிளேஓஃபில் (பருவ முடிவில் கிண்ணத்துக்கான சுற்றுகள்) ஆடலாம். அந்தக் காலத்துப் பழைய அறிவிப்புகளைப் பார்த்து "ஐயோ, இறக்கிவிட்டார்கள்" என்று பதறாதீர்கள்.

அறிவிப்புகளில் வரும் சொற்களையும் பழகிக்கொள்ளுங்கள். "ரீகோல்" என்றால் மேலே கூப்பிட்டார்கள். "லோன்" என்றால் காசு மேல் அணியுடையது, ஆடுவது கீழே. "பி.டி.ஓ" என்றால் தற்காலிக வேலை; ஏ.எச்.எல்-இல் ஒரு தடவைக்கு 25 ஆட்டம்வரை. முப்பது தாண்டியவரின் பெயருக்குப் பக்கத்தில் பி.டி.ஓ என்று கண்டால் அந்த அணியில் இரண்டு பேராவது ஊன்றுகோலில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கீழ் இரண்டு லீக் ஆட்டக்காரர்களுக்கும் 1967 முதல் ஒரு தொழிற்சங்கம் இருக்கிறது. அதன் அலுவலகம் நியூயோர்க்கிலோ ரொறொன்ரோவிலோ இல்லை, நயாகராப் பக்கம்.

260

இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் நல்லாக ஆடிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று ஜெர்மனிக்குப் போய்விட்டார்? மருமகன் கேட்டவற்றில் இதற்குத்தான் பதில் சொல்ல நேரம் எடுத்தது.

ஏ.எச்.எல் தன்னை வளர்ப்பு லீக் என்று சொல்லிக்கொள்கிறது. அதற்கு விதியும் வைத்திருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு இறங்கும் 18 பேரில் 13 பேர் வளர்கிறவர்களாக இருக்க வேண்டும். அந்த 13-இல் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. ஒருவருக்கு மட்டும் 320 வரை சலுகை. மீதி ஐந்து இடத்துக்குத்தான் மூத்தவர்கள் அடிபட வேண்டும். ஒரு பருவம் 72 ஆட்டம் என்றால் நான்கே வருடத்தில் 260 தாண்டிவிடும். ஈ.சி.எச்.எல்-இல் இன்னும் இறுக்கம்: 260 தாண்டியவர்கள் ஒரு அணியில் நான்கு பேர்தான்.

அதாவது ஆட்டம் கூடக் கூட அனுபவம் கூடுகிறது, இடம் குறைகிறது. அந்த நான்கைந்து இடத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வேலையில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்: ஃபேஸ்ஓஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்கும் போட்டி) வெல்வது, தன் அணியில் ஒருவர் பெனல்டியில் வெளியே இருக்கிற நேரத்தில் பக்கைத் தடுப்பது, புதிய பெடியளுக்குப் பஸ்ஸில் எப்படித் தூங்குவது என்று சொல்லிக்கொடுப்பது. சிலிஞ்சர் 12 அணிக்கு வேண்டியவராக இருந்ததும் முதல் இரண்டாலும்தான்.

கவனித்தீர்களா, அந்த 18-இல் கோல்காப்பாளர்கள் இல்லை. விதி அவர்களைத் தொடாது. லேட்டன் முப்பது தாண்டியும் ரொக்ஃபோர்ட், ஷார்லட் என்று நின்றதற்கு அவருடைய கை மட்டும் காரணம் இல்லை, இந்த இடைவெளியும்தான். அப்படி நின்று நின்றே ஏ.எச்.எல்-இல் 50 ஷட்அவுட் எடுத்தார். அதுவரை 45-ஓடு முதலிடத்தில் இருந்தது யார் என்கிறீர்கள்? ஜொனி பௌவர். அதே லீக்கில் 2008-இல் ஓல்பனிக்காக ஒரு பிளேஓஃப் ஆட்டத்தில் ஐந்தாவது மேலதிக நேரம் வரை நின்று லேட்டன் 98 அடிகளைத் தடுத்திருக்கிறார். ஓல்பனி 3-2 என்று தோற்றது. அட்டவணையில் அது தோல்விப் பக்கத்தில் 1.

கடலுக்கு அப்பால்

ஐரோப்பிய வரிகளை ஓய்வூதியம் என்று நினைக்காதீர்கள். சுவிற்சர்லாந்து, சுவீடன் உயர் லீக்குகளின் சம்பளம் ஏ.எச்.எல்-ஐத் தாண்டும். பல ஒப்பந்தங்களில் வரி போகக் கையில் வருகிற தொகையைத்தான் பேசுவார்கள், வீடும் காரும் தனி. பல நாடுகளில் வெளிநாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அதனால்தான் பாட்டன் ஜெர்மன்காரராக இருந்த கனடாப் பெடியள் பழைய பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைகிறார்கள். ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தால் ஜெர்மனியில் அந்த வரம்புக்கு வெளியே.

பிரித்தானிய லீக்கில் சம்பளம் சுமார். ஆனால் ஷெஃபீல்ட், நொட்டிங்ஹம், பெல்ஃபாஸ்ட் போன்ற ஊர்களில் ஆட்டத்தோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க ஏற்பாடு கிடைக்கும். முப்பது வயதுக்காரரின் கடைசி வரிகளில் இந்த ஊர்களைக் கண்டால் அவர் அடுத்த வேலைக்குத் தயாராகிறார் என்று படியுங்கள். ஏப்ரல் முதல் ஒகஸ்ட் வரை அவுஸ்திரேலியா என்று ஒரு வரி கண்டால் சிரிக்கலாம். வருடத்தில் இரண்டு குளிர்காலம் தேடிப் போனவர் அவர்.

எல்லாப் பயணமும் இப்படி இலகுவாக இருப்பதில்லை. லேட்டனின் 2013-14 வரியில் டொன்பாஸ் டொனெட்ஸ்க் என்று இருக்கும், ரஷ்யாவை மையமாகக் கொண்ட கே.எச்.எல் லீக். வருடத்தையும் ஊரையும் சேர்த்து வாசியுங்கள். 2014 வசந்தத்தில் கிழக்கு உக்ரைன். பிளேஓஃப் ஆட்டங்களை டொனெட்ஸ்கில் வைக்க முடியாமல் பிராட்டிஸ்லாவாவுக்கு மாற்றினார்கள். மே மாதம் அந்த அரங்கே தீக்கிரையானது. அடுத்த பருவம் அந்த அணி லீக்கில் இல்லை, லேட்டன் ரொக்ஃபோர்டில். ஊரை விட்டு அவசரமாகக் கிளம்புவதென்றால் என்ன என்று தெரிந்த நம்மவர்களுக்கு இந்த ஒரு வரியை நான் விளக்க வேண்டியதில்லை.

அரங்குக்குப் போனால்

ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். முதலில் ஆட்டக்காரர்களின் கார் தரிப்பிடத்தைச் சுற்றி நடந்து நம்பர் தகடுகளைப் பாருங்கள். கலமசூ அரங்கு 94-ஆம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு வசதி. மிச்சிகன் தகடு சொந்தமாக வீடு வைத்திருப்பவர். மினசோட்டா, ஒன்ராறியோ, சஸ்கச்சுவான் தகடுகள் பருவம் முடிந்ததும் கிளம்புகிறவர்கள். பின் இருக்கையில் குழந்தைக் கதிரை இருந்தால் அவர் மூத்தவர்.

உள்ளே போனதும் சூடேற்றும் பயிற்சியை விடாதீர்கள், அதில்தான் எல்லாம் தெரியும். வாசலால் முதலாவதாக வெளியே வருகிற கோல்காப்பாளர்தான் அன்றைக்கு ஆடப்போகிறவர். இப்போது கால்பட்டைகளைப் பாருங்கள். அணி நீலமும் வெள்ளையும், ஆனால் ஒருவரின் கால்பட்டையில் சிவப்புக் கோடு, முகமூடியில் வேறு ஊர் மிருகம் என்றால் அவர் வந்து ஒரு கிழமைதான் இருக்கும். கால்பட்டை அளவெடுத்துச் செய்வது. புதியது வரக் கிழமைகள் எடுக்கும், முகமூடிக்குச் சித்திரம் தீட்ட இன்னும் நாள் போகும். அதுவரை பழைய அணியின் நிறத்திலேயே நிற்பார். மற்ற ஆட்டக்காரர்களில் கையுறை காட்டிக்கொடுக்கும். ஒருமுறை சிரக்கியூஸில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருவரின் தலைக்கவசத்தின் பின்னால் பழைய இலக்கத்தை உரித்த பசை அப்படியே இருந்தது, அதற்கு மேலே புதிய இலக்கத்தைக் கொஞ்சம் சரிவாக ஒட்டியிருந்தார்கள்.

எந்த நாள் போவது? ஏ.எச்.எல்-இல் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவில் மூன்று ஆட்டம் வருவது வழமை. நடுவில் பஸ் பயணமும் உண்டு. மேல் அணி நம்பி வளர்க்கிற இளம் கோல்காப்பாளருக்கு வெள்ளியும் சனியும். கால் களைத்த அணிக்குப் பின்னால் ஞாயிறு பின்னேரம் நிற்பது பெரும்பாலும் நம்ம ஆள்தான். ஞாயிறு போங்கள்.

ஒக்ரோபரில் பெயர் இல்லாவிட்டால்

இந்த வகை ஆட்டக்காரர் ஓய்வு பெறும்போது அறிவிப்பு வருவது குறைவு. புதிய பருவம் தொடங்கும், பட்டியலில் பெயர் இருக்காது. உடனே கணக்கை மூடிவிடாதீர்கள். முதலில் ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே செப்ரெம்பரிலேயே தொடங்கிவிடும். பிறகு ஈ.சி.எச்.எல் பட்டியல். அங்கும் இல்லையென்றால் டிசம்பர் வரை பொறுங்கள். காயங்கள் சேர்ந்து, பி.டி.ஓ கொடுக்க ஆரம்பிக்கிற காலம் அது. வீட்டில் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு தொலைபேசிக்குக் காத்திருக்கிறவர்கள் எப்போதும் சிலர் உண்டு.

ஜனவரியும் தாண்டினால் ஆட்டக்காரர் பட்டியலை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் பட்டியலைத் தேடுங்கள். ரொறொன்ரோவில் பிறந்த புரூஸ் பூட்ரோ மேலே ஆடியது 141 ஆட்டம்தான், மீதி வருடங்கள் எல்லாம் கீழ் லீக்குகளில். ஆனால் 2008-இல் என்.எச்.எல்-இன் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கு. அதற்கும் பிறகு டிராஃப்ட் பட்டியலில் குடும்பப் பெயர்களைப் பாருங்கள். சிலிஞ்சர் கொலம்பஸில் ஆடிய காலத்தில், 2003-இல், அந்த ஊரில் பிறந்த மகன் கோலை 2021-இல் முதல் சுற்றில் 12-ஆவது ஆளாக எடுத்தது கொலம்பஸ்தான். அப்படி ஒரு பெயர் கிடைத்தால் லொக்புக்கில் புதிய பக்கம் திருப்பி மகனுடைய முதல் வரியை எழுதிக்கொள்ளலாம்.